ஒரே ஸ்லேட்ல ரெண்டு பேர் அளவு: கோ-வில் இருந்து ஒரு சி லைப்ரரியைப் பல இன்ஸ்டன்ஸா ஓட்டுறது

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். சேலையூர் கேம்ப் ரோடு பக்கத்துல இருந்து ஒரு தோழி அனுப்பினது.

அவங்க அப்பாவுக்குப் பார்வை போயிடுச்சு. அவர் போனுக்கு வர்ற தமிழ் மெசேஜை வாசிச்சுக் காட்ட, வீட்டுல சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்ல இவங்க ஒரு சின்ன சர்வர் எழுதியிருக்காங்க. சர்வர் கோ மொழி. எழுத்தை ஒலியா மாத்துற வேலையைச் செய்யறது ஈஸ்பீக் என்ஜி, அது சி மொழி லைப்ரரி. அப்பா ஒருத்தர் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் எல்லாம் நல்லா ஓடுச்சு. அப்புறம் பல்லாவரத்துச் சித்தப்பா, குரோம்பேட்டையில ரிட்டயர் ஆன ஒரு டீச்சர்னு இன்னும் நாலஞ்சு பேர் சேர்ந்தாங்க. ஒரு நாள் காலையில அப்பா கேட்டுக்கிட்டு இருந்த ஒலியில, பாதியில இருந்து வேற ஒருத்தரோட பேங்க் மெசேஜ் வந்திருக்கு. சர்வர் கிராஷ் ஆகலை. லாக்ல எரர் இல்லை. லைப்ரரியோட பல இன்ஸ்டன்ஸைத் தனித்தனியா ஓட்டினா சரியாயிடுமா, அதை கோ-வில் எப்படிச் செய்யறதுன்னு கேட்டிருக்காங்க.

(எழுத்துல 'கோ-வில்'னு நடுவுல கோடு போட்டிருக்கோம். இல்லன்னா தெப்பக்குளம் வரைக்கும் போயிடும்.)

இது கிராஷ் ஆகியிருந்தா தேவலை. கிராஷ் ஆனா உடனே தெரியும், சரி பண்ணலாம். இங்கே தப்பான ஒலி சரியான மாதிரியே வருது. கண் தெரிஞ்சவங்க ஸ்க்ரீனைப் பார்த்து "இது என் மெசேஜ் இல்லையே"னு கண்டுபிடிச்சுடுவாங்க. காதை மட்டும் நம்பி இருக்கிறவருக்கு அந்த வழி கிடையாது. அவர் கணக்குல இருந்து ஐயாயிரம் போச்சுன்னு சொன்னா நம்பித்தான் ஆகணும். இன்னொருத்தரோட ஓடிபி இவர் காதுல விழறது தனிப் பிரச்சினை.

சரி, ஏன் நடக்குது?

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோடு மாதிரி ஒரு மார்க்கெட் தெருவுல ஒரு தையல் கடையை நினைச்சுக்கோங்க. நல்ல டெய்லர்கிட்ட அளவு நோட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். உங்க தோள், கை நீளம், காலர் எல்லாம் உங்க பக்கத்துல. நடுவுல இன்னொருத்தர் வந்து நின்னாலும் டெய்லர் வேற பக்கத்தைத் திருப்பி எழுதுவார், உங்க அளவு பத்திரமா இருக்கும். இப்போ இன்னொரு டெய்லர். அவர்கிட்ட நோட்டு இல்லை, ஒரே ஒரு ஸ்லேட்தான். உங்க தோளை எழுதினார், கை நீளத்தை எழுதப் போறதுக்குள்ள அடுத்த ஆள் வந்துட்டார், அவரோட அளவை அதே ஸ்லேட்ல அழிச்சு எழுதிட்டார். உங்களுக்குச் சட்டை வரும். உங்க தோளும் அவர் கையுமா வரும்.

சி லைப்ரரிகள் இந்த ரெண்டு டெய்லர்ல ஒருத்தரா இருக்கும். நோட்டு வெச்ச லைப்ரரியில, முதல்ல ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா அது ஒரு ஹேண்டில் கொடுக்கும், அதாவது "உன் பக்கம் இது"ன்னு ஒரு பாயிண்டர். அதுக்கப்புறம் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் முதல் ஆர்க்யுமென்ட்டா அந்த ஹேண்டிலைத் திருப்பிக் கொடுக்கணும். எஸ்க்யூலைட் அப்படி. லுவா அப்படி. ஸ்லேட் வெச்ச லைப்ரரி எதையும் கொடுக்காது. தன்னோட நிலையை குளோபல் வேரியபிள்ல, இல்லன்னா ஃபங்ஷனுக்குள்ள ஸ்டாட்டிக் வேரியபிள்ல ஒளிச்சு வெச்சிருக்கும். சி படிச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சின்ன உதாரணம் எஸ்டிஆர்டோக். ஒரு வாக்கியத்தை வார்த்தை வார்த்தையா உடைக்கும், எங்கே விட்டோம்கிறதைத் தனக்குள்ளயே ஞாபகம் வெச்சுக்கும். ரெண்டு வாக்கியத்தை மாத்தி மாத்திக் கொடுத்தா குழம்பிடும். அதனாலதான் பிற்பாடு எஸ்டிஆர்டோக் அண்டர்ஸ்கோர் ஆர் வந்தது. அதுல அந்த ஞாபகத்தை நீங்களே ஒரு பாயிண்டர்ல வெச்சுக் கொடுக்கணும்.

ஆக முதல் வேலை, லைப்ரரியோட ஹெட்டர் ஃபைலைத் திறந்து பார்க்கிறது. அஞ்சு நிமிஷ வேலைதான். பல பேர் இதைப் பண்ணாமலேயே நேரா த்ரெட் பூல் எழுதப் போயிடறாங்க, எனக்கு அது புரியவே மாட்டேங்குது.

ஈஸ்பீக் ஹெட்டரைத் திறந்தா கதை உடனே தெரிஞ்சுடும். இனிஷியலைஸ்னு ஒரு ஃபங்ஷன், அது திருப்பிக் கொடுக்கிறது சாம்பிள் ரேட், 22050 மாதிரி ஒரு எண். ஹேண்டில் இல்லை. குரலைத் தேர்வு பண்ண ஒரு ஃபங்ஷன், அதுக்குக் குரல் பேர் மட்டும் போதும். வேகத்தை மாத்த ஒரு ஃபங்ஷன். நிமிஷத்துக்கு 175 வார்த்தைங்கிறது அதோட இயல்பு வேகம். யாரோட வேகம்னு எங்கேயும் கேட்காது. ஒலித்துண்டு தயாரானா கூப்பிடற கால்பேக்கும் ஒண்ணே ஒண்ணு. முழு ப்ராசஸுக்கும் ஒரு ஸ்லேட்.

இதைக் குறைன்னு சொல்ல மாட்டேன். இதோட மூதாதை, ஜோனதன் டடிங்டன் 1995 வாக்குல ஏகார்ன் கம்ப்யூட்டருக்கு எழுதின 'ஸ்பீக்'. என்ஜி கிளை பிரிஞ்சது 2015 கடைசியில. ஸ்க்ரீன் ரீடருக்குள்ள உட்கார்ந்து பேசறது இதோட முக்கிய வேலை, என்விடிஏ-ல கூடவே வர்றது இதுதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள், ஒரு வாய். அதுக்கு ஒரு ஸ்லேட் போதும். நாமதான் அதைத் தூக்கி சர்வர்ல வெச்சு, பத்து பேருக்கு ஒரே நேரத்துல பேசச் சொல்றோம்.

கோ இதை இன்னும் சுலபமாக்கிடுது, கெட்ட விதத்துல. கோ-வோட ஹெச்டிடிபி சர்வர் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் தனி கோரூட்டின்ல கவனிக்குது. நீங்க த்ரெட்னு ஒரு வார்த்தை கூட எழுதியிருக்க மாட்டீங்க, ஆனா உங்க ஹேண்ட்லர் ஒரே நேரத்துல நாலு சிபியூ கோர்ல ஓடிக்கிட்டு இருக்கும். உள்ளே சி-கோ வழியா ஈஸ்பீக்கைக் கூப்பிட்டா, நாலு பேரும் ஒரே ஸ்லேட்ல எழுதறாங்க. ரேஸ் டிடெக்டர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் சொல்லலைன்னு அந்தத் தோழி எழுதியிருந்தாங்க. சொல்லாது. அது கோ கோடை மட்டும்தான் கண்காணிக்கும், சி பக்கம் உள்ள மெமரி அதுக்குத் தெரியாது. அதே மாதிரி, சி-க்குள்ள செக்மென்டேஷன் ஃபால்ட் ஆனா ரெக்கவர் காப்பாத்தாது, முழு சர்வரும் போயிடும்.

முதல்ல சுலபமான வகையைப் பார்த்துடுவோம், நோட்டு வெச்ச லைப்ரரி. இதுக்கு நம்ம மொழிகள் பக்கமே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. வர்ணம்னு ஒரு ஒலிபெயர்ப்பு லைப்ரரி. ஆங்கில எழுத்துல அடிச்சா மலையாளம், தமிழ்னு இந்திய மொழிகள்ல கொடுக்கும். கேரளத்துல தொடங்கினது. முதல் லைப்ரரி, லிப்வர்ணம், சி-ல இருந்தது, இனிட் பண்ணினா ஹேண்டில் கொடுக்கும். அதுக்கு மேல வர்ணம்டி-னு ஒரு வெப் சர்வர் கோ-ல எழுதினாங்க. அது ஹேண்டில்களை எப்படி வெச்சிருந்ததுன்னு பார்த்தா அழகா இருக்கும். மொழிக்கு ஒரு பஃபர் உள்ள சேனல். கோரிக்கை வந்தா சேனல்ல இருந்து ஒரு ஹேண்டிலை எடு, காலியா இருந்தா புதுசா ஒண்ணு திற. வேலை முடிஞ்சதும் சேனல்ல திருப்பிப் போடு, இடம் இல்லன்னா அந்த ஹேண்டிலை அழிச்சுடு. அவ்வளவுதான். ஒரு ஹேண்டில் ஒரு நேரத்துல ஒருத்தர் கையிலதான் இருக்கும், அதனால லாக் கூட வேண்டாம். இன்னைக்கும் ஹேண்டில் கொடுக்கிற எந்த சி லைப்ரரிக்கும் நான் இதைத்தான் சொல்வேன். (பிற்பாடு 2021 வாக்குல வர்ணத்தையே கோ-ல புதுசா எழுதி, அதை சி லைப்ரரியா வெளியே கொடுத்தாங்க. பேரு கோவர்ணம். வண்டி எதிர்த்திசையில திரும்பிடுச்சு.)

ரெண்டு எச்சரிக்கை மட்டும். ஹேண்டிலை மூடற வேலையை கோ-வோட கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கும்னு விடாதீங்க. அதுக்கு சி பக்கம் எவ்வளவு மெமரி போயிருக்குன்னு தெரியாது. இன்னொண்ணு, சி கால்பேக்ல திரும்பி வரும்போது எந்தக் கோரிக்கைன்னு தெரிய, கோ பாயிண்டரை சி-கிட்ட கொடுத்து வைக்கக் கூடாது. கோ 1.17-ல இருந்து சி-கோ ஹேண்டில்னு ஒரு எண் வகை இருக்கு, அதைக் கொடுங்க.

இப்போ ஸ்லேட் கடைக்கு வருவோம். இங்கே ஹேண்டில் பூல் கட்டி பிரயோஜனம் இல்லை, ஏன்னா ஹேண்டிலே இல்லை. கோ-ல பத்து ஸ்ட்ரக்ட் உருவாக்கி ஒவ்வொண்ணுலயும் இனிஷியலைஸ் கூப்பிட்டா, பத்து தடவை அதே ஸ்லேட்டைத் துடைச்சீங்கன்னு அர்த்தம்.

மியூட்டெக்ஸ்தான் முதல்ல பார்க்க வேண்டியது. ஒரு நேரத்துல ஒருத்தர். "அப்போ மத்தவங்க காத்திருக்கணுமே"னு உடனே கேட்பீங்க. ஈஸ்பீக் நிஜப் பேச்சை விட பல மடங்கு வேகமா ஒலியைத் தயாரிக்கும், ரெண்டு வரி மெசேஜுக்கு ஆறு பேர் வரிசையில நின்னா யாரும் கவனிக்கக் கூட மாட்டாங்க. ஆனா லாக்கை எங்கே போடறீங்கங்கிறது முக்கியம். குரல் தேர்வுக்கு ஒரு லாக், வேகத்துக்கு ஒரு லாக், ஒலி தயாரிப்புக்கு ஒரு லாக்னு தனித்தனியா எடுத்து விட்டா, நடுவுல இன்னொருத்தர் புகுந்துடுவார், மறுபடியும் உங்க தோள் அவர் கை. குரலை வெக்கிறதுல இருந்து கடைசி ஒலித்துண்டை காப்பி பண்ணி எடுக்கிற வரைக்கும் ஒரே லாக்குக்குள்ள இருக்கணும். கேள்வி கேட்ட தோழிக்கு நேர்மையான பதில் இதுதான்: நாலஞ்சு பேருக்கு இது போதும், பல இன்ஸ்டன்ஸ் வேண்டாம்.

ஆனா கேட்டது பல இன்ஸ்டன்ஸ் பத்தி. கேட்கிறவங்க கூடினா, நீளமான பாடப் புத்தகம் எல்லாம் வாசிக்க வெச்சா, வரிசை நீண்டுடும். ஒரு கோரிக்கையில லைப்ரரி மாட்டிக்கிட்டா லாக்கும் மாட்டிக்கும், எல்லாரும் நிப்பாங்க. அப்போ என்ன பண்றது?

புத்திசாலித்தனமான வழிகள் சிலது இருக்கு. லைப்ரரி ஃபைலையே டிஎல்ஓபன் வழியா பல தடவை ஏத்தினா என்ன? அதே ஃபைலை ரெண்டாவது தடவை ஏத்தச் சொன்னா லினக்ஸ் பழையதையே திருப்பிக் கொடுக்கும். சிம்லிங்க், ஹார்டுலிங்க் போட்டு வேற பேர் வெச்சாலும் ஏமாறாது, உள்ளே ஐநோடு எண்ணைப் பார்க்குது. நிஜமாவே காப்பி எடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தனி ஃபைலா வெச்சு ஏத்தினா ஒவ்வொண்ணுக்கும் தனி குளோபல் கிடைக்கும். அசிங்கமா இருக்கும், வேலை செய்யும். இதையே முறையா செய்ய ஜிலிப்சி-ல டிஎல்எம்ஓபன் இருக்கு, ஒவ்வொரு தடவையும் புது நேம்ஸ்பேஸ். ஆனா மொத்தம் 16 நேம்ஸ்பேஸ்தான், அதுல ஒண்ணு உங்க ப்ரோக்ராமுக்கே போயிடும். ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனி சி ஸ்டாண்டர்ட் லைப்ரரி வேற ஏறும், ஒரு பக்கம் மால்லாக் பண்ணினதை மறுபக்கம் ஃப்ரீ பண்ணினா முடிஞ்சது கதை. டாக்கர்ல ஆல்பைன் இமேஜ் வெச்சிருக்கீங்களா? அதுல இருக்கிற மசல்-ல இந்த வசதியே கிடையாது.

இன்னொரு வழி, லைப்ரரி சோர்ஸ்ல குளோபல் எல்லாத்தையும் த்ரெட் லோக்கல்னு மாத்தறது. கோ-ல இதுக்கு ஒரு கண்ணி இருக்கு. கோரூட்டின் ஒரு ஓஎஸ் த்ரெட்லயே இருக்காது, ரெண்டு சி அழைப்புக்கு நடுவுல வேற த்ரெட்டுக்குத் தாவிடலாம். ரன்டைம் லாக் ஓஎஸ் த்ரெட் போட்டுக் கட்டி வைக்கணும். அதோட, அடுத்த தடவை லைப்ரரி அப்டேட் வந்தா மறுபடியும் நீங்கதான் பேட்ச் பண்ணணும்.

வெப் அசெம்ப்ளி வழி எனக்குப் பிடிக்கும். சி லைப்ரரியை வாஸம் மாட்யூலா கம்பைல் பண்ணி, கோ-லயே எழுதின வாஸீரோ ரன்டைம்ல ஓட்டறது. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் தனி மெமரி, சி-கோவே தேவையில்லை, உள்ளே மெமரி எல்லை தாண்டினா அந்த இன்ஸ்டன்ஸ் மட்டும் எரர் கொடுக்கும். வேகம் குறையும், அந்த லைப்ரரியை முதல்ல வாஸமா கம்பைல் ஆக வைக்கிறதுக்கு ஒரு வார இறுதி போயிடும். பிடிஎஃப் வேலைக்கான பிடிஎஃப்யம் லைப்ரரியும் ஒரே நேரத்துல பல த்ரெட்ல ஓட முடியாததுதான். அதுக்கான கோ-பிடிஎஃப்யம் பேக்கேஜைப் பாருங்க: ஒற்றை த்ரெட், பல ப்ராசஸ், வெப் அசெம்ப்ளின்னு மூணு முறையையும் ஒரே இன்டர்ஃபேஸ்ல கொடுக்குது.

அந்த 'பல ப்ராசஸ்'தான் என் ஓட்டு. ஸ்லேட் டெய்லர்கிட்ட நோட்டு வாங்கச் சொல்லிப் போராட வேண்டாம், நாலு ஸ்லேட் டெய்லரை நாலு கடையில உட்கார வெச்சுடலாம். ப்ராசஸ்னா குளோபல் வேரியபிள் ஆபரேட்டிங் சிஸ்டமே பிரிச்சுக் கொடுத்த மெமரியில இருக்கு. ஒண்ணு செத்தா ஒண்ணுதான் சாகும்.

இது பழைய யோசனை. எடின்பரோ பல்கலைக்கழகத்துல உருவான ஃபெஸ்டிவல் பேச்சு இயந்திரம் சர்வரா ஓடும்போது, இணையற ஒவ்வொருத்தருக்கும் ஒரு ப்ராசஸை ஃபோர்க் பண்ணும். இந்தியமொழிப் பேச்சுத் தொகுப்புக்கான கூட்டுத் திட்டத்துல ஐஐடி மெட்ராஸும், நம்ம ஓஎம்ஆர் காலவாக்கம் எஸ்எஸ்என் கல்லூரியும் வேலை செஞ்சாங்களே, அதுல ஃபெஸ்டிவலுக்கு முக்கிய இடம் இருந்தது. ஆனா ஃபோர்க்கை அப்படியே கோ-ல செய்ய முடியாது. ஃபோர்க் ஆன குழந்தைகிட்ட கூப்பிட்ட ஒரு த்ரெட் மட்டும்தான் இருக்கும், கோ ரன்டைமுக்கு மத்த த்ரெட்டும் வேணும். அதனால புதுசா எக்ஸெக் பண்ணணும்.

செய்முறை பெருசா இல்லை. உங்க ப்ரோக்ராம் தன்னையே 'வொர்க்கர்'னு ஒரு கொடியோட மறுபடி ஸ்டார்ட் பண்ணும். சிபியூ கோர் எத்தனையோ அத்தனை வொர்க்கர். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு ஈஸ்பீக், ஒரு நேரத்துல ஒரு மெசேஜ். மெயின் ப்ராசஸ் பைப் வழியா நீளத்தை முதல்ல, டெக்ஸ்ட்டை அடுத்து அனுப்பும், ஒலியையும் அதே முறையில திரும்ப வாங்கும். வொர்க்கர்களை வர்ணம்டி மாதிரியே ஒரு சேனல்ல வரிசையா வெச்சுக்கோங்க. பதில் குறிச்ச நேரத்துக்குள்ள வரலைன்னா அந்த வொர்க்கரைக் கொன்னுட்டு புதுசு ஒண்ணு. மியூட்டெக்ஸ்ல இதைச் செய்யவே முடியாது, சி-க்குள்ள மாட்டிக்கிட்ட அழைப்பை கோ-வால வெளியே இழுக்க முடியாது.

ஒலியை ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியா வாங்காதீங்க. லைப்ரரிக்குள்ள எங்கேயோ ஒரு பிரிண்ட்எஃப் இருக்கும், அது உங்க ஒலிக்கு நடுவுல ஒரு ஆங்கில வாக்கியத்தைச் சொருகிடும். கமாண்ட்ல எக்ஸ்ட்ரா ஃபைல்ஸ்னு ஒரு ஃபீல்டு இருக்கு, அதுல கொடுக்கிற முதல் பைப் வொர்க்கர்ல மூணாவது டிஸ்க்ரிப்டரா வரும், அதைப் பயன்படுத்துங்க. மெமரி பத்திப் பெருசா பயப்பட வேண்டாம். லைப்ரரியோட கோட் பகுதியை ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லா ப்ராசஸுக்கும் பகிர்ந்துக்கும், அது படிச்சு நிரப்பற டேட்டாதான் தனித்தனி.

ஒரே ப்ராசஸ்ல காப்பி ஃபைல் வழியில போறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. லைப்ரரியோட குளோபலைப் பிரிச்சாலும் ப்ராசஸோட குளோபல் பொதுவாத்தான் இருக்கும். செட்லோக்கேல் முழு ப்ராசஸுக்கும் ஒண்ணு. கரன்ட் டைரக்டரி, என்விரான்மென்ட் வேரியபிள், சிக்னல் ஹேண்ட்லர் எல்லாம் அப்படியே. ஒரு காப்பி லோக்கேலை மாத்தினா இன்னொரு காப்பி தசமப் புள்ளியைத் தப்பாப் படிக்கும். ப்ராசஸைப் பிரிச்சாலும் டிஸ்க் ஒண்ணுதான்: புது வார்த்தையைக் கத்துக்கிட்டு ஃபைல்ல எழுதற வர்ணம் மாதிரி லைப்ரரின்னா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா என்ன ஆகும்னு அங்கேயும் கேட்கணும்.

கடைசியா, பிரிஞ்சுதான் இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது? உண்மையான பேங்க் மெசேஜை வெச்சு சோதிக்காதீங்க, லாக்லயும் மெசேஜை எழுதாதீங்க. ரயில்வே ஸ்டேஷன் பேர் போதும். ஒரு கோரிக்கையில வடக்கே போற வரிசை, மெதுவான வேகத்துல: தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம்னு கடற்கரை வரைக்கும். இன்னொண்ணுல தெற்கே, வேகமா: பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு செங்கல்பட்டு வரைக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல, சில நூறு தடவை அனுப்புங்க. தனியா ஓட்டினப்போ வந்த நீளத்தோட ஒவ்வொரு ஒலியோட நீளத்தையும் ஒப்பிடுங்க. நீளம் மாறினதை மட்டும் காதுல போட்டுக் கேளுங்க. இந்த லைன்ல தினமும் போறவங்களுக்குப் பல்லாவரத்துக்கு அடுத்து வண்டலூர் வந்தா தூக்கத்துலயே தெரிஞ்சுடும்.